பன்னிரண்டரை சதவீதம் மட்டும்தானா?

வணக்கம். அயர்லாந்து நிறுவன வரியை 12.5 சதவீதமாகக் குறைத்தது, அமெரிக்க நிறுவனங்கள் வந்து குவிந்தன, நாடு செழித்தது. இவ்வளவு எளிய வழி இருக்கும்போது எல்லாச் சிறிய நாடுகளும் ஏன் இதைச் செய்யவில்லை? அல்லது, இது பிற நாடுகளின் வரிப்பணத்தைத் திருடுவது என்பவர்கள் சொல்வதுதான் சரியா?

அன்புடன்,
வ.

அன்புள்ள வ.,

செய்துதான் பார்க்கிறார்கள். ஹங்கேரியில் 9 சதவீதம், பல்கேரியாவில் 10. இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவை. அயர்லாந்தைவிடக் குறைவாகக் கேட்டும் அந்தச் செழிப்பு அங்கே வரவில்லை.

12.5 சதவீதம் வந்தது 2003-ல். நீங்கள் கதையை அங்கிருந்து தொடங்குகிறீர்கள். ஏற்றுமதி லாபத்துக்கு வரிச்சலுகை 1956-லேயே வந்துவிட்டது. 1981-லிருந்து உற்பத்தித் தொழிலுக்கு 10 சதவீதம்தான் வரி. இன்று புகழப்படும் விகிதத்தைவிடக் குறைவு! ஆனால் 1980களின் நடுவில் வேலையின்மை 17 சதவீதத்தைத் தொட்டது. படித்த பிள்ளைகள் லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் கிளம்பிப்போனார்கள். குறைந்த வரியே மந்திரம் என்பவர்கள் இந்தப் பத்தாண்டைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பலன் 1990களில்தான் கிடைத்தது. 1967-ல் வந்த இலவச உயர்நிலைக் கல்வியில் படித்த தலைமுறை அப்போது வேலைக்குத் தயாராக இருந்தது. 1993-ல் ஐரோப்பிய ஒற்றைச் சந்தை திறந்தது. ஐரோப்பா முழுவதும் விற்க விரும்பிய அமெரிக்க நிறுவனத்துக்கு, ஆங்கிலம் பேசும் ஓர் உறுப்பு நாடு வாகாக அமைந்தது. அயர்லாந்து அரசின் தொழில் மேம்பாட்டு முகமை வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடிப் போய் அழைத்தது. சிப் தயாரிக்கும் இன்டெல் 1989-ல் டப்ளினுக்கு அருகிலுள்ள லெய்க்ஸ்லிப்பைத் தேர்ந்தெடுத்தது. இவற்றோடு, சொன்ன சொல் மாறாமையும் சேர்ந்துகொண்டது. 2010-ல் திவால் விளிம்பில் நின்று கடன் கேட்டபோதும், ஜெர்மனியும் பிரான்சும் நெருக்கியபோதும், அயர்லாந்து 12.5-ஐ விட்டுக்கொடுக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குத் திட்டமிடும் தொழிற்சாலைக்கு, விகிதம் எவ்வளவு என்பதைவிட அது நாளையும் அப்படியே இருக்குமா என்பதுதான் முக்கியம்.

திருட்டு என்பது கடுமையான சொல். ஆனால் முழுப்பொய் அல்ல. ஆப்பிளின் 2014-ஆம் ஆண்டு ஐரோப்பிய லாபத்துக்கு அயர்லாந்தில் உண்மையில் விழுந்த வரி 0.005 சதவீதம் என்றது ஐரோப்பிய ஆணையம். ஆப்பிளிடமிருந்து 1,300 கோடி யூரோ வரிப் பாக்கியை வசூலிக்கச் சொன்னால், 'எங்களுக்கு வேண்டாம்' என்று அயர்லாந்து அரசு வழக்காடியது, 2024-ல் தோற்றது. 2015-ல் பொருளாதாரம் 26 சதவீதம் வளர்ந்ததாகக் கணக்கு வந்ததும் இந்த வகைதான். காப்புரிமைகளும் சொத்துகளும் காகிதத்தில் இடம் மாறின. யாருடைய சம்பளமும் கால்வாசி உயர்ந்துவிடவில்லை.

இன்று பெரிய நிறுவனங்களுக்கு 15 சதவீதம். அதற்காக யாரும் ஓடிவிடவில்லை. என்னை உறுத்துவது வேறு: நிறுவன வரி வருவாயில் பாதிக்கு மேல் சுமார் பத்து நிறுவனங்களிடமிருந்து வருகிறது. அவற்றில் இரண்டு மனம் மாறினாலும் பட்ஜெட் ஆடிப்போகும். அந்தப் பயத்தில்தான் 2024-ல் தனி நிதியம் அமைத்து உபரியில் ஒரு பங்கை ஒதுக்கத் தொடங்கினார்கள். பத்தாண்டுகள் முன்பே செய்திருக்கலாம்.