அரைச் சட்டித் தயிரும் ஒன்பது ஏ சித்தியும்

வாசகர் கடிதம்:

வணக்கம் சேர்,

நான் மட்டக்களப்பு ரவுணில் ஆட்டோ ஓட்டுகிறவன். மூத்த மகள் பத்தாம் தரம், இங்கே ஒரு பெரிய பாடசாலையில் படிக்கிறாள். வகுப்பில் 46 பிள்ளைகள். போன கிழமை பெற்றார் கூட்டத்தில் ஸ்மார்ட் போர்டுக்கும் மின்விசிறிக்கும் என்று ஆளுக்கு ஐயாயிரம் ரூபா கேட்டார்கள். வாசலில், சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகளின் படத்தோடு பெரிய பதாகை தொங்குகிறது. அதே பாடசாலையில் படித்த பக்கத்து வீட்டுப் பொடியன் கணிதத்தில் பெயில். இப்போது மேசனுக்குக் கையாளாகப் போகிறான். கல்வி வலயங்களின் பெறுபேற்றுப் பட்டியல் ஒன்று வட்ஸ்அப்பில் வந்தது, நம்முடைய வலயம் கீழே இறங்கிவிட்டதாம். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டு, அந்தக் காசையும் ஆசிரியர்களையும் ரவுணுக்குத் தந்தால் எல்லாம் சரிவரும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். கொஞ்சப் பேர் கைதட்டினார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுகா, இந்தக் காசைக் கட்டாவிட்டால் மகளுக்கு ஏதும் ஆகுமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பி,

கடைசியில் கேட்டதை முதலில் எடுக்கிறேன். இரவில் உங்களைத் தூங்கவிடாதது அதுதான் என்று நினைக்கிறேன். மகளுக்கு ஒன்றும் ஆகாது, ஆகவும் கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெற்றாரிடம் உதவி கேட்கலாம், கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது. கட்டாத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தவோ, பரீட்சை அனுமதி அட்டையை மறித்து வைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. முடிந்தால் முடிந்ததைக் கட்டுங்கள். முடியாவிட்டால் நீங்களே அதிபரிடம் நேரில் போய் "இந்தத் தவணை ஏலாது" என்று சொல்லுங்கள். மகளிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். அந்தச் சொல்லைப் பிள்ளை சுமந்துகொண்டு போகக் கூடாது.

சரி, அவர்கள் ஏன் கேட்கிறார்கள்? ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு நகரப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கக் கணக்கை ஏழு வருடம் நான்தான் எழுதினேன். ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தால் வருகிறது. பாடப்புத்தகம் 1980 முதல் இலவசம், சீருடைத் துணி 1993 முதல் இலவசம். 1945-ல் கல்வி அமைச்சராக இருந்த கண்ணங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் மேல் படிப்படியாகக் கட்டப்பட்டவை இவை. இல்லாவிட்டால் நானும் படித்திருக்க மாட்டேன், நீங்களும் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் பள்ளிக்கூடம் ஒன்றை நாளாந்தம் நடத்தும் செலவு இவற்றுக்கு வெளியே கிடக்கிறது. ஆயிரத்து எண்ணூறு பிள்ளைகள் படித்த அந்தப் பாடசாலையில் மலசலகூடம் கழுவ ஒரே ஓர் ஆள். அவருக்குச் சம்பளம் பெற்றார் காசிலிருந்து போனது. தவணைப் பரீட்சை வினாத்தாள், ஓட்டை விழுந்த கூரைத் தகடு, ஆய்வுகூடத்துப் பைப், எல்லாம் அதே காசுதான்.

கற்பித்தல் சாமான்களுக்கென்று தர உள்ளீட்டு நிதி என்று ஒன்று வரும். ஒரு வருடம் தை மாதத்தில் தேவைப்பட்ட வெண்கட்டிக்கும் ஆய்வுகூட அமிலத்துக்கும் உரிய காசு கார்த்திகைக் கடைசியில் வந்தது. வருடம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். நானும் இன்னொரு ஆசிரியரும் அடைமழையில் விலைக்கோரல் தாளைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு கடை கடையாக ஏறி வாங்கினோம். சாமான் வந்து இறங்கிய நாளில் பிள்ளைகள் விடுமுறையில் இருந்தார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் கடதாசி விலை பல மடங்கு ஏறியபோது அதே கணக்குப் புத்தகத்தை எழுதியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. அதனால் கேட்கிறவர்களை எடுத்த எடுப்பில் கள்ளர் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கைக் காட்டச் சொல்வேன். அது வேறு.

இந்தக் குறையை யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டால் அங்கேயும் ஒரு சிக்கல். 1987-ல் வந்த அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தத்துக்குப் பிறகு தேசிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் கீழும் மற்றவை மாகாண சபையின் கீழும் இருக்கின்றன. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017-ல் முடிந்தது. அதன்பிறகு வருடங்கள் போயும் தேர்தல் வைக்கவில்லை. மாகாணத்துக்கு வரும் காசில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடுகிறது. மிச்சத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று பேச, நாம் வாக்குப் போட்டு அனுப்பிய ஆள் அந்த மேசையில் இல்லை. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் ஒதுக்கச் சொல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடு பல வருடங்களாகச் செலவழித்து வருவது 2 சதவீதத்தைச் சுற்றித்தான்.

இனி அந்தக் கைதட்டலுக்கு வருகிறேன்.

காலையில் ஆறரைக்கு வலையிறவுப் பாலத்தடியில் ஒருநாள் ஆட்டோவை நிறுத்திப் பாருங்கள். சேலைக்கு மேல் மழைக்கோட்டும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு ஆசிரியைகள் வரிசையாக மோட்டார் சைக்கிளில் வவுணதீவுப் பக்கம் போவார்கள். மண்முனைப் பாலம் 2014-ல் திறந்தபிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு வழி இலகுவானது, ஆனால் உள்ளே போகப் போகப் பாதை அதேதான். பல இடங்களில் தங்க விடுதி இல்லை. பொழுது சாய்ந்தால் யானை இறங்கும், அதனால் பின்னேர வகுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் மாற்றம் கேட்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வேறொன்றின் மேல். பேர் அந்தப் பாடசாலையின் ஆசிரியர் பட்டியலில் இருக்கும், ஆளோ தற்காலிக இணைப்பில் ரவுணில் இருப்பார். தாளில் வெற்றிடம் இல்லை, ஆகவே புதிய ஆசிரியரும் வர மாட்டார். வகுப்பில் கதிரை வெறுமையாகக் கிடக்கும். அம்பாறைப் பக்கத்தில் பொத்துவிலிலும் திருக்கோவிலிலும் இருக்கிற பெற்றாரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், எப்போதும் இந்த மூன்றுக்கும்தான் ஆள் இருக்காது.

வெறுமையான கதிரை என்ன செய்யும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். படுவான்கரையிலிருந்து ஒரு பிள்ளை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி வீட்டுக்கு வந்து தங்கினாள். அப்போது பத்தாம் தரம். பின்னேரங்களில் என் விறாந்தையில் கணிதம் படிக்க வருவாள். முதல் நாள் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். ஐந்தில் இரண்டு என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். எப்படி வந்தது என்று கேட்டேன். "மேலோட மேலயும் கீழோட கீழயும் கூட்டினன் சேர்" என்றாள். ஏழாம் தரத்தில் வந்த கணித ஆசிரியர் எட்டில் மாற்றமாகிப் போனாராம். எட்டிலும் ஒன்பதிலும் யார் ஓய்வாக இருந்தார்களோ அவர்கள் வகுப்பைப் பார்த்துக்கொண்டார்களாம்.

அவளுடைய தகப்பன் எருமைப் பட்டி வைத்திருக்கிறார். நான் பேனையை வைத்துவிட்டு, "அரைச் சட்டித் தயிர் இருக்கு. இன்னொரு சட்டியில மூன்றில ஒரு பங்கு இருக்கு. ரெண்டையும் ஒண்டா ஊத்தினா எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "சட்டி நிறையாது சேர். நிறையக் கொஞ்சம் கிடக்கும்" என்றாள். சொல்லிவிட்டுக் கொப்பியைக் குனிந்து பார்த்தாள். ஐந்தில் இரண்டு என்றால் அரைச் சட்டி கூட இல்லையே என்று அவளுக்கே பட்டது. கூட்டின பிறகு எப்படிக் குறையும்? அழிறப்பரை எடுத்து அவளே அழித்தாள். இந்தப் பிள்ளைக்கா கணிதம் வராது? இரண்டு வருடம் அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான். சாதாரண தரத்தில் அவளுக்குக் கணிதத்தில் சி, அதாவது திறமைச் சித்தி, கிடைத்தது. அவளோடு அங்கே படித்த மற்றப் பதினொரு பேருக்கும் ரவுணில் மாமி வீடு இல்லை.

சின்னப் பள்ளிக்கூடங்களை மூடினால் அந்தப் பதினொரு பேரும் ரவுணுக்கு வந்துவிடுவார்கள் என்று கைதட்டியவர்கள் நினைத்திருக்கலாம். வர மாட்டார்கள். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய நாள் போய்விடும் ஊர்கள் அவை. பெண்பிள்ளைகள் முதலில் படிப்பை நிறுத்துவார்கள், அப்புறம் வயலுக்கும் பட்டிக்கும் போகிற ஆண்பிள்ளைகள். வரக்கூடியவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை ஆறாம் தரத்துக்கு ரவுணுக்கு வருகிறது. வாடகைக்கு வீடு எடுக்க வசதியுள்ள குடும்பமும் கூடவே வருகிறது. அதனால்தான் உங்கள் மகளின் வகுப்பில் 46 பேர். அங்கே ஆசிரியர் இல்லாததால் இங்கே இடம் இல்லை. உங்கள் பாடசாலை வாசலில் தொங்கும் பதாகையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதில் படுவான்கரையில் பிறந்த முகம் ஒன்றாவது இருக்கும் என்றே நினைக்கிறேன்.

வட்ஸ்அப் பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நாட்டில் நூறளவில் வலயங்கள் இருக்கின்றன, யாராவது ஒருவர் கடைசியில் நிற்கத்தான் வேண்டும். எந்த வலயத்தில் எத்தனை மாதம் கணித ஆசிரியர் இருந்தார் என்ற நிரலையும் பக்கத்தில் போட்டால் அப்போது அந்தப் பட்டியலை உட்கார்ந்து படிக்கலாம்.

காசு கொடுப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. 1929-ல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழும்பியது. அதைத் தொடங்கிய விபுலானந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர், வசதியில்லாத பிள்ளையும் படிக்க வேண்டும் என்று நின்றவர். கொடுக்கிற கை இங்கே எப்போதும் இருந்திருக்கிறது. ஆனால் அந்தக் கை இன்று ஸ்மார்ட் போர்டுக்கு நீள்வதற்கு முன், உங்கள் மகளின் வகுப்பில் கணிதத்தில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடத்த நீள வேண்டும் என்பது என் எண்ணம். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் எத்தனையோ பேர் ஊரில் சும்மா இருக்கிறார்கள். போக்குவரத்துச் செலவைக் கொடுத்தாலே வருவார்கள்.

அடுத்த கூட்டத்தில் எழும்பிப் பேசுங்கள், தம்பி. சத்தம் போட வேண்டாம். போன வருடக் கணக்கறிக்கையைக் கேளுங்கள், பெற்றாராகிய உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஒன்பது ஏ எத்தனை என்று கேட்காமல், சாதாரண தரம் எழுதினவர்கள் எத்தனை பேர், அதில் கணிதம் சித்தியடைந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கணிதத்தில் விழுந்த பிள்ளைக்கு உயர்தர வகுப்புக் கதவு அநேகமாகச் சாத்திவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு நடந்தது அதுதான். அவன் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திரும்பவும் எழுதலாம், அதை அவனிடம் சொல்லுங்கள். மேசன் வேலையில் அளவும் விகிதமும் தினமும் கையில் புழங்குகிறவனுக்குத் தாளில் எழுதப் பழக அதிக காலம் எடுக்காது. ஞாயிறு காலையில் என் விறாந்தை வெறுமையாகத்தான் கிடக்கிறது. கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்குப் போய்வந்து என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.