போன் பெட்டியில் போட்டிருக்கும் 'சார்' (SAR) அளவு எதைச் சொல்கிறது?

போனில் *#07# அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் 'சார்' அளவு வரும். போன் அனுப்பும் ரேடியோ அலையின் ஆற்றலை நம் உடல் எந்த அளவுக்கு உள்வாங்குகிறது என்பதுதான் அது. இந்தியாவில் உச்சவரம்பு உடல் திசு ஒரு கிலோவுக்கு 1.6 வாட், 2012 செப்டம்பரிலிருந்து.

எதற்கு வரம்பு? எக்ஸ்ரேயைப் போல டிஎன்ஏவை உடைக்கும் வலு இந்த அலைகளுக்குக் கிடையாது. உறுதியாகத் தெரிந்த விளைவு, திசு லேசாகச் சூடாவது மட்டுமே. அந்தச் சூடு தீங்காகும் அளவுக்கு வெகு கீழேதான் வரம்பை வைத்திருக்கிறார்கள். சரி, 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை இந்த அலைகளை '2பி' பிரிவில் சேர்த்ததே? புற்றுநோய் வரலாமோ என்ற சந்தேகம் இருக்கிறது, ஆனால் ஆதாரம் குறைவு என்பதே அந்தப் பிரிவின் பொருள்.

பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லப் பேசுவோம், வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கத்திக் கூப்பிடுவோம். போனும் அப்படித்தான், டவர் எட்டாதபோது அதிகச் சக்தியில் அனுப்பும். லிஃப்டிலோ, ஓடும் ரயிலிலோ சிக்னல் ஒரு கோடாக இறங்கினால் பேச்சைத் தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் இயர்போன் மாட்டுங்கள். காதிலிருந்து சில அங்குலம் தள்ளினாலே அளவு வெகுவாகக் குறைகிறது.

அப்புறம், 0.6 காட்டும் போன் 1.2 காட்டுவதைவிட இருமடங்கு பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது போன் முழுச் சக்தியில் இயங்கும்போது ஆய்வகத்தில் எடுத்த உச்ச அளவு. அன்றாடம் நாம் பேசும்போது பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.