குஷாணர் நாணயங்களில் அரசர் ஏன் கோட்டும் பூட்ஸும் அணிந்து நிற்கிறார்?

அது அவர்களுடைய குலத்தின் உடை. மத்திய ஆசியாவிலிருந்து வந்த யூச்சி மக்களின் வழித்தோன்றல்கள் குஷாணர்கள். குதிரையேறி வாழ்ந்தவர்களின் உடுப்பு அது. வட இந்தியாவின் வெயிலில் இருந்து ஆண்டபோதும் நாணயத்தில் அதை அவர்கள் களையவில்லை.

குஷாண அரசர் கனிஷ்கரின் தங்கக் காசு ஒன்றைப் பெரிதாக்கிய படத்தில் பாருங்கள். குறுக்களவு ஏறத்தாழ 2 செ.மீ., எடை 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. தாடி வைத்த அரசர் நிற்கிறார். முகம் மட்டும் பக்கவாட்டில். கால்சட்டைக்கு மேல் கீழே விரியும் கனத்த மேலங்கி, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் திரும்பிய பூட்ஸ் கால்கள். இடக்கையில் ஈட்டி, வலக்கை ஒரு சின்னஞ்சிறு வேள்விப் பீடத்தின்மேல். சில காசுகளில் தோளிலிருந்து தீச்சுடர் எழுகிறது. இத்தனையையும் அந்தச் சிறு வட்டத்துக்குள் அச்சு வெட்டியவனின் கைத்திறனை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மதுராவுக்கு அருகே மாட் என்ற ஊரில் கிடைத்த தலையில்லாத கனிஷ்கர் சிலையிலும் இதே மேலங்கி, இதே பூட்ஸ்.

காசின் பின்பக்கம்தான் மாறிக்கொண்டே இருக்கும். நனா என்ற பெண் தெய்வம், சூரியனான மீரோ, சந்திரனான மாவோ, சிவனின் சாயலுள்ள ஓயேஷோ, அரிதாகப் புத்தர். இதைச் சமயப் பொறை என்று பாடநூல்கள் சுருக்கிவிடுகின்றன. எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. ஆப்கானிஸ்தானில் 1993இல் கிடைத்த ரபாதக் கல்வெட்டு, கனிஷ்கர் அரசுரிமையை நனாவிடமிருந்தும் எல்லாத் தெய்வங்களிடமிருந்தும் பெற்றார் என்கிறது. காசும் அதையேதான் சொல்கிறது: தெய்வங்கள் பல, அவை அருளும் அரசர் ஒருவரே. அதனால்தான் முன்பக்க உருவம் எளிதில் அடையாளம் தெரியும்படி நிலைத்திருக்க வேண்டியிருந்தது.

தங்கக் காசைத் தொடங்கிவைத்தவர் கனிஷ்கரின் தந்தை வீமா கட்பிசஸ். எடையில் ரோமானியப் பொற்காசை ஒட்டியே அடித்தார். அவர் காசுகளில் பின்பக்கம் பெரும்பாலும் ஓயேஷோ மட்டும்தான்.

இந்த வடிவம் குஷாணரோடு முடியவும் இல்லை. 4ஆம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தர் அடித்த பொற்காசுகளைப் பாருங்கள்: பக்கத்தில் கருடக் கொடி நிற்கிறது, எழுத்து பிராமி, மொழி சமஸ்கிருதம். பீடத்தில் வேள்விப் பொருள் இடும் அரசர் மட்டும் இன்னமும் குஷாணரின் மேலங்கியோடும் கால்சட்டையோடும் நிற்கிறார்.