காய் நூடுல்ஸ் தண்ணீர் விடுகிறதே!

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை. ராத்திரியில் சோறு, இட்லி, சப்பாத்தியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வீடியோ பார்த்து, சுரைக்காயை நூடுல்ஸ் மாதிரி சீவி, கொதிநீரில் வேகவைத்து, சிக்கன் சேர்த்துக் கிளறினேன். தட்டெல்லாம் தண்ணீர். இறுகட்டும் என்று இரண்டு டேபிள்ஸ்பூன் கான்ஃப்ளார் கரைத்து ஊற்றினேன், கொழகொழவென்று ஆகிவிட்டது. பிள்ளைகள் தொடவே இல்லை. அவரோ சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறது என்று மிக்சர் டப்பாவைத் தேடுகிறார். என்ன செய்ய?
- வாசகி, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரி, சமையலுக்கு முன்னால் அந்த மிக்சர் டப்பாவைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் கணவர் இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்கிறாரா? அப்படியானால், மாவுச்சத்தைத் திடீரென்று குறைக்கும்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். அகோரப் பசி, வியர்வை, கை நடுக்கம் எல்லாம் அதன் அறிகுறிகள். அடுத்த முறை பசி என்றதும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று மறுநாளே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். மீட்டரில் சர்க்கரை அளவு சரியாக இருந்தால் அது வெறும் வயிற்றுப்பசிதான். தட்டில் கறியைக் கூட்டினால் அடங்கும்.

இனி தண்ணீர் விஷயம். சுரைக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதைக் கொதிநீரில் போட்டால் என்ன மிஞ்சும்? காய் நூடுல்ஸை வேகவைக்கவே கூடாது. அப்புறம் நீங்கள் ஊற்றிய கான்ஃப்ளார்: ஒரு டேபிள்ஸ்பூனில் ஏறக்குறைய 7 கிராம் மாவுச்சத்து. எதைக் குறைக்க இவ்வளவு பாடுபடுகிறீர்களோ, அதையே திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. தக்காளி சாஸும் அப்படித்தான், அதில் சர்க்கரை இருக்கிறது.

காயை மாற்றிப் பாருங்கள். என் ஓட்டு சௌசௌவுக்கு. விலை குறைவு, சதை கெட்டி, சீக்கிரம் குழையாது. தோல் சீவும்போது பிசுபிசுவென்று பால் வடிந்து கையில் ஒட்டும். குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடித்துச் சீவினால் தொல்லை இல்லை. பீலரால் நீளவாக்கில் பட்டைபட்டையாக இழுத்து, அடுக்கி வைத்துக் கத்தியால் மெல்லிசாக நறுக்கினால் போதும், தனி மெஷின் வேண்டாம். சுரைக்காய்தான் வேண்டும் என்றால் பிஞ்சாக வாங்கி, நடுவிலுள்ள விதைப் பஞ்சை எடுத்துவிடுங்கள். முதலில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். அந்த நச்சு வெந்தாலும் போகாது, கடுமையான வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும்.

அரைக் கிலோ இழைக்கு அரை டீஸ்பூன் உப்பு பிசிறி, கால் மணி நேரம் வடிதட்டில் வையுங்கள். பிறகு மெல்லிய துணியில் கட்டி நன்றாக முறுக்கிப் பிழியுங்கள். இழை துவண்டு, விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும். இதுதான் பதம்.

சிக்கன், இரண்டு பேருக்கு 300 கிராம், எலும்பில்லாத தொடைக்கறியாகக் கேட்டு வாங்குங்கள். நெஞ்சுக்கறி சட்டென்று வறண்டுவிடும். விரல் பருமனில் நறுக்கி, மிளகுத்தூள், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்து இருபது நிமிடம் ஊறவிடுங்கள். இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, இரண்டு ஸ்பூன் கடலெண்ணெய் ஊற்றி, கறியை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். இரண்டு நிமிடம் கரண்டி போடாதீர்கள், அடி சிவக்கட்டும். பிறகு புரட்டி வேகவிட்டு, இருப்பதில் பெரிய துண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே ரோஸ் நிறம் தெரியாவிட்டால் தனியே எடுத்து வையுங்கள்.

அதே சட்டியில் பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு குடைமிளகாய். அடுப்பை முழு வேகத்தில் வைத்து, பிழிந்த இழையைப் போட்டு இரண்டே நிமிடம் புரட்டுங்கள். மூடி போடவே கூடாது. ஆவி திரும்ப விழுந்து மறுபடி நீர் விடும். சிக்கனைச் சேர்த்து, இடித்த மிளகு தூவி இறக்குங்கள். ஊறவைத்த உப்பு காயில் இருக்கும், ருசி பார்த்த பிறகே உப்பு போடுங்கள். ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் மிச்ச ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும், வயிறும் நிறையும். சிறுநீரகக் கோளாறு ஏதும் இருந்தால் மட்டும் கறி, முட்டை அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை இதில் இழுக்காதீர்கள். ஓடியாடும் வயதில் அவர்களுக்கு மாவுச்சத்து வேண்டும். அவர்கள் பங்கில் ஒரு கைப்பிடி நிஜ நூடுல்ஸைக் கலந்து கொடுங்கள், சத்தமில்லாமல் காயும் உள்ளே போகும். இழையைக் காலையிலேயே சீவி, உப்புப் போடாமல், துணி விரித்த டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் ராத்திரி வேலை அரை மணி நேரம்தான்.