பதில்: கொரியாவின் சுவோன் நகரில் எடை குறைக்கத் தந்த கஷாயம், படபடப்பு

சகோதரி, கொரியப் பாரம்பரிய மருத்துவர் தந்த கஷாயத்தைக் குடித்து எடை இறங்குகிறது, ஆனால் இரவில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். முதலில் அந்த மருத்துவரிடம், "இதில் மாஹ்வாங் இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை கிராம்?" என்று கேளுங்கள். மாஹ்வாங் என்பது எபிட்ரா என்ற மூலிகை.

கொரியாவில் உடல் பருமனுக்கு அதிகம் எழுதப்படும் 'தேயும்ஜோவிதாங்' கஷாயத்தில் செஸ்ட்நட், முள்ளங்கி விதை இவற்றோடு மாஹ்வாங்கும் சேரும். அதிலுள்ள எபிட்ரின் பசியை அடக்கும். கூடவே இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். எபிட்ரின் கலந்த சத்து மாத்திரைகளை அமெரிக்கா 2004-லேயே தடை செய்துவிட்டது. கொரியாவில் ஆறு வருடம் படித்து உரிமம் வாங்கிய பாரம்பரிய மருத்துவர்கள் இதை எழுதலாம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் மாத்திரை விவரம் அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். சொன்னீர்களா?

மாத்திரை எழுதித் தந்த டாக்டரிடமும் கஷாயப் பொட்டலத்தைக் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். காபியைக் குறையுங்கள். மூக்கடைப்புக்குக் கடையில் விற்கும் சளி மாத்திரைகள் சிலவற்றில் எபிட்ரினின் உறவான சூடோஎபிட்ரின் இருக்கும், அதுவும் வேண்டாம்.

தராசு முள் மட்டும் கணக்கில்லை. நிம்மதியான தூக்கம், மூச்சு வாங்காமல் படியேறுவது, மனத்தெம்பு, இவையெல்லாம் கெட்டுப்போய் எடை மட்டும் குறைவது எனக்குச் சம்மதமில்லை. மாஹ்வாங் இல்லாத மருந்தோ, உணவு மாற்றமோ கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் கொரியாவின் அவசர உதவி எண் 119-ஐ அழையுங்கள்.