ராஜினாமா, விசா கேன்சல், கிராஜுவிட்டி: அமீரகக் கேள்விகளுக்குப் பதில்

அமீரகத்தில் 14 வருஷமாக எச்.ஆர். வேலை பார்க்கிறேன். தனியார் கம்பெனி விசாவில் இருப்பவர்கள் கேளுங்கள்.

கே: அண்ணா, நான்கு வருஷம் முடிந்தது. சம்பளம் 4,000 திர்ஹம், அதில் பேசிக் 2,400. நானே வேலையை விட்டால் கிராஜுவிட்டி எவ்வளவு வரும்?

ப: வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடைதான் கிராஜுவிட்டி. அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளமான பேசிக்கை வைத்துத்தான் கணக்கு, தம்பி. 2,400ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 80. முதல் ஐந்து வருஷம்வரை வருஷத்துக்கு 21 நாள் சம்பளம், அதாவது 1,680. நான்கு வருஷத்துக்கு 6,720 திர்ஹம். லீவு பாக்கியும் கடைசி மாதச் சம்பளமும் தனி. வேலை முடிந்த 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பணம் கைக்கு வராமல் விசா கேன்சலேஷன் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்று அதில் ஒரு வரி இருக்கும். என் முதல் கம்பெனியை விட்டபோது அரசு விண்ணப்பங்களை அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில் நின்றபடியே, கம்பெனியின் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. நீட்டிய பேனாவை வாங்கிப் படிக்காமல் போட்டுக் கொடுத்தேன். பணம் வர ஏழு மாதம் ஆனது.

கே: தப்பாகச் சொல்கிறீர்கள். நாமாக விட்டால் மூன்றில் இரண்டு பங்குதான். 2019இல் என் மச்சானுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள்.

ப: காலவரையறை இல்லாத கான்ட்ராக்டில் மூன்று முதல் ஐந்து வருஷம்வரை வேலை பார்த்தவருக்கு 2019இல் அது சரி. 2022 பிப்ரவரி 2 முதல் புதுச் சட்டம். ஒரு வருஷம் முடித்தவர் தானாக விட்டாலும் முழுத் தொகை உண்டு.

கே: எங்கள் கம்பெனியில் இன்னும் பிடிக்கிறார்களே?

ப: பிடித்தால் சட்டம் மாறிவிடுமா? தம்பியின் பணத்தில் 2,240 திர்ஹம் அவர்களுக்கு மிச்சம், அவ்வளவுதான். மனிதவள அமைச்சகத்தில் புகார் கொடுங்கள்.

கே: அப்படியென்றால் மச்சானுக்கு மீதி கிடைக்குமா?

ப: கிடைக்காது. மச்சானை விடுங்கள்.

கே: புரோபேஷனில் இருக்கிறேன். ஊருக்கே திரும்புகிறேன், நோட்டீஸ் எத்தனை நாள்?

ப: 14. இங்கேயே வேறு கம்பெனிக்கு மாறினால் ஒரு மாதம். எழுத்தில் கொடுங்கள்; வாட்ஸப்பில் 'பை சார்' என்று அனுப்புவது நோட்டீஸ் இல்லை.

கே: சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டால்?

ப: அப்ஸ்காண்டிங் போடுவார்கள், அதாவது சொல்லாமல் ஓடிவிட்டீர்கள் என்று புகார். ஒரு வருஷம் வேறு வேலை பர்மிட் கிடைக்காது.

கே: டி.ஐ.எஃப்.சி.யில் (துபாய் சர்வதேச நிதி மையம்) வேலை பார்க்கிறேன்.

ப: அங்கே சட்டமே வேறு. உங்கள் எச்.ஆரைக் கேளுங்கள்.

கே: சார், பேசிக் 1,800. கிராஜுவிட்டி எவ்வளவு?

ப: மேலே கணக்கு இருக்கிறது. போட்டுப் பாருங்கள்.

கே: டைப்பிங் சென்டரில் நிற்கிறேன். கையெழுத்துக் கேட்கிறார்கள்.

ப: பணம் வந்துவிட்டதா?

கே: நாளைக்கு வரும் என்கிறார்கள்.

ப: அப்போ கையெழுத்தும் நாளைக்கு. வெளியே வந்து ஒரு டீ குடியுங்கள்.