கால்வரை இறங்கும் வலி கிட்னி வலியா?

கேள்வி: எனக்கு வயது 47. மியன்மாவின் பெகு நகரில் அரிசிக் கடை வைத்திருக்கிறேன். மூன்று வாரமாக இடுப்பில் பிடிக்கும் வலி, இடது பிட்டம், தொடையின் வெளிப்பக்கம், கெண்டைக்கால் வழியாகக் கட்டைவிரல் வரை மின்சாரம் அடித்ததுபோல் இறங்குகிறது. தும்மினால் உயிர் போகிறது. கிட்னியாக இருக்கும் என்கிறார்கள். யாங்கோனுக்கு வந்து எம்.ஆர்.ஐ. எடுக்கவா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கிட்னியாகத் தெரியவில்லை ஐயா. கிட்னி வலி விலாவுக்குக் கீழே பிடித்து அடிவயிறு, கவட்டை என்று போகும். முழங்காலைத் தாண்டிப் பாதத்துக்கு இறங்காது. இடுப்பு வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே, வலி எங்கே போய் நிற்கிறது என்பதைத்தான். இடுப்போடு நின்றால் அநேகமாகத் தசைப்பிடிப்பு. கவட்டையில் நின்று, சம்மணம் போட முடியாமல் செய்தால் இடுப்பு மூட்டுத் தேய்மானம். கட்டைவிரல் வரை ஓடினால் நரம்பு.

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் 5 எலும்புகள். அவற்றுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பு வேரை அழுத்துகிறது. உங்களுக்கு 4-வதுக்கும் 5-வதுக்கும் நடுவில் என்று ஊகிக்கிறேன். ஏறக்குறைய 50 கிலோ மூட்டையைக் குனிந்து தூக்கி, அப்படியே இடுப்பைத் திருப்பி அடுக்கியிருப்பீர்கள். அப்புறம் இளைப்பாறப் போய் உட்கார்ந்தது டீக்கடையின் முழங்கால் உயர முக்காலியில். கூன் போட்டு உட்காரும்போது டிஸ்க்குக்கு நிற்பதைவிட அதிக அழுத்தம்!

குதிகாலால் மட்டும் நாலடி நடந்து பாருங்கள். முன்பாதம் தூக்க வந்தால் நல்லது, எம்.ஆர்.ஐ.க்கு இப்போது அவசரமில்லை. பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் கத்தியில்லாமலே குறைந்துவிடும். ஓரிரண்டு நாளுக்கு மேல் படுக்க வேண்டாம், நடமாடுங்கள். மூட்டையைப் பையன்கள் தூக்கட்டும்.

மருந்துக் கடையில் கலந்து மடித்துத் தரும் மாத்திரைப் பொட்டலம் மட்டும் வேண்டாம். அன்றைக்கே வலி பறந்துவிடும், சரி. ஆனால் அதில் ஸ்டீராய்டு இருப்பது உண்டு. முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். கிட்னிக்குப் பயந்து விழுங்கும் வலி மாத்திரையே நாள்பட்டால் கிட்னியைக் கெடுப்பதையும் பார்க்கிறேன்.

வயதானவர்களின் கால்வலி வேறு கதை. நடந்தால் கால் கனத்து, குனிந்தோ உட்கார்ந்தோ இருந்தால் விடுகிறது என்றால் தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம். சும்மா நின்றாலே கெண்டைக்கால் வலி விடுகிறது, சுருட்டுப் பழக்கமும் உண்டு என்றால் இரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு பாதமும் எரிந்தால் சர்க்கரையைப் பாருங்கள். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் கூடும் முதுகுவலி மூன்றும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்காமல் இருக்க முடியாது; மியன்மாவில் காசநோய் அதிகம்.

நீங்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். நடக்கும்போது செருப்பு நுனி தரையில் தட்டினாலோ, சிறுநீர் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.